உட்கார்ந்தால் விழும் அடி

"உங்களுக்கு ராசி இல்லக்கா" என்று பூவரசன் சொன்ன அந்த ஒரு வார்த்தையைத்தான் வஜீதாவால் விழுங்க முடியவில்லை. தோற்றதைப் பொறுத்துக்கொண்டாள். கூட்டம் மொத்தமும் கோட்டை வாசலில் செத்து விழுந்ததையும் பொறுத்துக்கொண்டாள். ராசி என்ற சொல்தான் சாப்பிடும்போது தொண்டையில் நின்றது, தைக்கும்போது விரலில் குத்தியது.

செத்தது விளையாட்டில்தான். பயப்பட வேண்டாம். செத்தவர்கள் எல்லாரும் மறுநாள் காலையில் எழுந்து அவரவர் வேலைக்குப் போய்விட்டார்கள்.

ஆம்பூர் கஸ்பாவில் வஜீதா என்றால் கைத்தையல் வஜீதா என்றுதான் தெரியும். கம்பெனியில் வெட்டி, ஓட்டை போட்டு, கட்டுக் கட்டாக வீட்டுக்கு அனுப்பும் மேல்தோலை ஷூ கட்டையில் மாட்டி, மெழுகு நூலும் இரண்டு ஊசியுமாகச் சுருக்கித் தைத்துக் கொடுப்பாள். இருபது வருஷத்துக்கு மேல் இதே வேலை. நூல் இழுத்து இழுத்துக் கட்டை விரல் காய்த்துப்போய், போன் அதை விரல் என்றே ஒத்துக்கொள்ளாது. ஆகவே விளையாட்டை நடுவிரலால்தான் ஆடுவாள்.

அந்த விளையாட்டு அவளிடம் வந்ததும் அல்லாஹ்வின் ஒரு ஏற்பாடுதான். அவள் புருஷன் இஷ்தியாக் அகமது தோல் பதனிடும் டேனரியில் டிரம் ஓட்டுகிறவர். அவருடைய தம்பி புதுப் போன் வாங்கியபோது பழையதை அண்ணிக்குக் கொடுத்துவிட்டுப் போனான். அதற்குள் 'ஏழு கோட்டை' இருந்தது. உலகத்தின் எந்த மூலையில் இருக்கிறவர்களும் ஒன்றாகச் சேர்ந்து ராட்சதர்களோடு சண்டை போடுகிற விளையாட்டு. தொட்டுத்தான் பார்ப்போமே என்று வஜீதா தொட்டாள். உனக்கு எந்த ஆள் வேண்டும் என்று கேட்டது. வாள்காரன், வில்காரன், மருந்து போடுகிறவள், கேடயம் பிடிக்கிறவள் என்று வரிசையாக நிற்க வைத்துக் காட்டியது.

கேடயக்காரியைப் பார்த்ததும் வஜீதாவின் கை நின்றது. மரத்தின் மேல் தோல் போர்த்திய கேடயம். ஓரத்தில் தையல் ஒரே சீராக ஓடியிருந்தது. ஆனால் அவள் போட்டிருந்த பூட்ஸைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. முன்பக்கம் சுருக்கே வைக்காமல் வரைந்திருந்தான் படம் போட்டவன். இதைப் போட்டுக்கொண்டு நாலு தெரு நடந்தால் வாய் பிளந்துவிடும். பாவம் என்று அவளையே எடுத்துக்கொண்டாள். பத்ரு என்று பேர் வைத்தாள்.

மூன்று வருஷத்தில் பத்ருவுக்குப் பெரிய கூட்டம் சேர்ந்தது. பாலாறு கூட்டம் என்று பேர். தலைவன் பூவரசன், கலவை ஊரில் செல்போன் கடை வைத்திருக்கிறவன். மருந்து போடுகிற பூர்ணிமா, ஜோலார்பேட்டை ரயில்வேயில் வேலை பார்க்கிறவள். யாரும் யார் முகத்தையும் பார்த்ததில்லை. எல்லாம் போனில் கேட்கிற குரல்தான். வஜீதாவின் வேலை முன்னால் நிற்பது. எதிரி அடிக்கிற அடியெல்லாம் பத்ரு மேல் விழ வேண்டும். அதற்குள் பின்னால் இருக்கிறவர்கள் எதிரியை முடிக்க வேண்டும். நின்று அடி வாங்குகிற வேலை அவளுக்குக் கசக்கவில்லை. அவளும் அதே மாதிரி ஒரு குடும்பத்தில் மருமகளாக வந்தவள்தான்.

ஒரு பழக்கம் மட்டும் அவளிடம் இருந்தது. பொழுது சாய்ந்ததும் சொல்லும் மஃரிப் பாங்கு காதில் விழுந்ததும் ஆட்டத்தை நிறுத்திவிடுவாள். நிறுத்துவதற்கு முன் பத்ருவை உட்கார வைப்பாள். அதற்கென்று திரையில் ஒரு பொத்தான் உண்டு. தொட்டால் பத்ரு கேடயத்தை மடியில் வைத்துச் சப்பணம் போட்டு உட்காருவாள். நாம் தொழப் போகிறபோது ஒருத்தியை நிற்க வைத்துவிட்டா போவது? வீட்டுக்கு வந்தவளை அப்படி விடுவோமா?

"நீ உக்காரும்மா, வந்துட்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கை கால் கழுவி வுஜூ செய்யப் போவாள்.

மற்ற நாளில் இதனால் எந்தக் கெடுதலும் இல்லை. ஊருக்குள்ளேயோ மரத்தடியிலேயோ பத்ரு உட்கார்ந்திருப்பாள். ஆனால் கோட்டைச் சண்டை ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் வாசல் திறக்கும், கொஞ்ச நேரத்தில் மூடிக்கொள்ளும். நடுவில் சரியாக மஃரிப் வரும். அந்த ஞாயிறு முதல் தடவையாகக் கோட்டை வாசலுக்குள் இருக்கிற குறுகலான சந்துவரை வந்துவிட்டார்கள். காவல்காரர்கள் யாரும் கண்ணில் படவில்லை. பாங்கு சொன்னது. பத்ருவைச் சந்தின் நடுவில் உட்கார வைத்துவிட்டு வஜீதா போனாள். திரும்பி வந்து பார்த்தால் பத்ரு மல்லாந்து கிடக்கிறாள். அவளைத் தாண்டி வந்த காவல்காரர்கள் ஒருவரையும் விடவில்லை.

"இன்னாக்கா இது? ஒவ்வொரு அடியும் கிரிட்டிக்கல்!" பூவரசனின் குரல் போனைப் பிய்த்துக்கொண்டு வந்தது. "வழக்கமா எப்பவோ ஒண்ணுதான் அப்படி விழும். உங்க ஆளு மேல வரிசையா விழுது. உங்களுக்கு ராசி இல்லக்கா. அடுத்த வாரம் ஷீல்டு சுஹேல் பாய் கையில. நீங்க பின்னால வந்து நில்லுங்க."

சுஹேல் அகமது ராணிப்பேட்டைக்காரர். நல்ல வாள்காரர்.

"குடுக்க மாட்டேன்" என்றாள் வஜீதா.

"அக்கா..."

"குடுக்க மாட்டேன் தம்பி. ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்றேன்." போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் பக்கத்து வீட்டு ஹுமேரா தோல் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். இஷ்தியாக்கின் தங்கை. அவளும் கைத்தையல்தான்.

"இன்னா பாபி, மூஞ்சி தொங்குது? சண்டைல தோத்துட்டீங்களாமே. தெருவுல சொல்லி சிரிக்கிறாங்க."

"யாரு சொன்னது?"

"நான்தான்" என்று சிரித்தாள் ஹுமேரா. "நாப்பத்தி நாலு வயசுல பேரன் பேத்தி எடுக்குறத விட்டுட்டு, கேடயம் தூக்குறீங்களே. விட்டுட்டு ஒழுங்கா தைங்க. ராசி இல்லன்னு அவனே சொல்லிட்டான்."

"ராசின்னு ஒண்ணு இல்ல ஹுமேரா. குடுக்கிறவன் ஒருத்தன் இருக்கான், எடுக்கிறவனும் அவன்தான். அவன் கணக்குக்கு ராசின்னு பேரு வச்சி என் தலையில கட்டாத. இது போன்ல ஓடுற கணக்கு. மனுசன் போட்ட கணக்கு. எங்கியோ ஒரு தப்பு இருக்குது, நான் பார்த்துக்குறேன்."

பார்த்தாள். பத்ருவை ஆட்டம் தொடங்கும் காட்டுக்கு அழைத்துப் போனாள். அங்கே ஒரு கிழட்டு ஓநாய் உண்டு. கடித்தால் எறும்பு கடித்த மாதிரி இருக்கும், அதற்கு அவ்வளவுதான் பலம். அதன் எதிரில் பத்ருவை நிறுத்தி, போனை ஷூ கட்டைமேல் சாய்த்து வைத்துவிட்டுத் தைக்க ஆரம்பித்தாள். ஒரு இழுப்பு இழுப்பாள், ஒரு தடவை பார்ப்பாள்.

முகத்துக்கு எதிரில் நின்றபோது அடிக்கடி 'ணங்' என்று சத்தம் கேட்டது. கேடயம் தடுத்ததற்கு அடையாளமாகச் சின்னதாக ஒரு எண் வந்து போனது. தடுத்தாலும் அடி முழுசாகப் போகவில்லை, கொஞ்சம் கழித்துக்கொண்டு மீதி உடம்பில் இறங்கியது. சில சமயம் தடுக்காமல் சாதாரண அடி. எப்போதாவது ஒரு தடவை சிவப்பாகப் பெரிய எண், திரையே குலுங்கும்படி. இரண்டு அடி சேர்ந்து விழுந்த மாதிரி. அதுதான் கிரிட்டிக்கல்.

பத்ருவை ஓநாய்க்கு முதுகு காட்டித் திருப்பினாள். 'ணங்' சத்தமே இல்லை. ஒரு கட்டு தைத்து முடிக்கிறவரைக்கும் இல்லை. முதுகில் கண் இல்லாதவள் எப்படித் தடுப்பாள், நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு, எப்போதும் போல, உட்கார வைத்தாள்.

சிவப்பு. மறுபடியும் சிவப்பு. மறுபடியும். ஓநாய் கடித்த கடியெல்லாம் சிவப்பு.

வஜீதாவின் கையில் ஊசி நின்றது. யா அல்லாஹ், நான்தானா? மரியாதை என்று நினைத்து உட்கார வைத்தேனே. மனசு கனத்தது. ஆனால் அந்தக் கனத்துக்கு அடியில் ஒரு பிடிவாதமும் எழுந்து உட்கார்ந்தது. தப்பு என்றால் தப்பு. திருத்தலாம். ராசி என்றால்தான் திருத்த முடியாது.

பூர்ணிமாவைக் கூப்பிட்டாள். பூர்ணிமா மதியச் சாப்பாட்டில் இருந்தாள்.

"உக்காந்திருக்கிற ஆளு மேல எந்த அடி விழுந்தாலும் கிரிட்டிக்கல்தான்கா" என்று பூர்ணிமா மென்றுகொண்டே சொன்னாள். "எனக்குத் தெரியும். நீங்க உக்கார வச்சிட்டுப் போனீங்கன்னுதான் தெரியாது, முன்னால கூட்டம் மறைச்சிடுச்சு. படுபாவி நான், நின்னுட்டு இருக்கீங்கன்னு நெனச்சி மருந்து போட்டுட்டு இருந்தேன்!"

"நின்னா எப்படி கணக்கு பண்றான்?"

"நாம குலுக்கல் போடுறோம்ல, சட்டியில சீட்டு எழுதிப் போட்டு? அதே மாதிரிதான். ஒவ்வொரு அடிக்கும் சட்டிக்குள்ள கைய விட்டு ஒரே ஒரு சீட்டு எடுப்பான். தவறிப்போச்சுன்னு சில சீட்டு, ஷீல்டு தடுத்துச்சுன்னு சில சீட்டு, கிரிட்டிக்கல்னு சில சீட்டு, மீதியெல்லாம் சாதா அடி. முதுகு காட்டினா தடுக்குற சீட்டையெல்லாம் எடுத்து வெளிய போட்டுடுவான். உக்காந்தா சட்டி பூரா கிரிட்டிக்கல் சீட்டுதான்."

"சட்டி பெரிசாவுமா?"

"ஆவாது. எப்பவும் ஒரே அளவு சீட்டுதான்."

வஜீதா நூலை ஒரு இழுப்பு இழுத்தாள். "அப்போ தடுக்குற சீட்ட ஜாஸ்தி பண்ணா, வேற சீட்டு வெளிய போயே ஆவணும்ல?"

"ஆமா. முதல்ல சாதா அடி போவும். அது காலியான பிறகுதான் கிரிட்டிக்கல் வெளிய போவும்."

"அதுவும் போற வரைக்கும் தடுக்குறத ஏத்திக்கிட்டே போனா?"

இப்போது பூர்ணிமா மெல்லுவதை நிறுத்தினாள். "அக்கா... அதுக்கு கையுறை, மோதிரம், பூட்ஸ் எல்லாம் தடுக்குற சாமானா மாட்டணும். உங்க கையில அடிக்குற பலமே இருக்காது. யாரும் அப்படி பண்றதில்ல."

"தடுத்த பிறகும் மீதி அடி விழுதே, அத நீ தாங்குவியா?"

"அத நான் பார்த்துக்குவேன்கா. சின்னச் சின்னதா ஒரே மாதிரி விழுந்தா மருந்து போட்டுக்கிட்டே இருப்பேன். ஒரே அடியில பாதி உசுரு போறதுதான் என்னால முடியாது. மருந்த எடுக்கறதுக்குள்ள அடுத்த அடி விழுந்துடுது."

அந்த வாரம் முழுக்க வஜீதா தைத்துக்கொண்டே பத்ருவை மாற்றினாள். பளபளவென்று இருந்த வாளைக் கொடுத்துவிட்டு ஒரு மரக்கட்டையை வாங்கினாள். அடிபலம் ஏற்றுகிற நகைகளைக் கழற்றினாள். தடுக்கிற பலம் எதில் இருக்கிறதோ அதையே தேடித் தேடி மாட்டினாள். கேடயத்தை உயர்த்திப் பிடிக்கிற பொத்தான் ஒன்று உண்டு, அழுத்தினால் கொஞ்ச நேரத்துக்கு இன்னும் நன்றாகத் தடுக்கும். ஆனால் அதற்கு ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். மாட்டியிருக்கிற சாமானின் பலமோ, போனை யாரும் தொடாவிட்டாலும் தானாக வேலை செய்யும். ஆள் நிற்க வேண்டும், எதிரியைப் பார்த்து நிற்க வேண்டும். அவ்வளவுதான். ஓநாய் கடித்தது. அதைவிடப் பெரியதான கரடியிடம் அழைத்துப் போனாள், கரடி அறைந்தது. சிவப்பு வரவே இல்லை. 'ணங்', 'ணங்' என்று பாத்திரக் கடை மாதிரி கேட்டுக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் கூட்டத்தில் எல்லாரும் பேச வந்தார்கள். பத்ருவைப் பார்த்ததும் பூவரசன் சிரித்துவிட்டான்.

"இன்னாக்கா இது, தண்ணி டிரம்முக்கு கை கால் மொளச்ச மாதிரி! அந்தக் கட்டைய வச்சி கொசு கூட அடிக்க முடியாது."

"அடிக்கிறதுக்கு நீங்க எல்லாரும் இருக்கீங்கல்ல? சாவாம நிக்கிறதுக்கு ஒருத்தி வேணும். அது நான்."

"சரி, உக்கார வச்சதுதான் தப்புன்னு பூர்ணிமா சொன்னாங்க. நாளைக்கு உக்கார வைக்காதீங்க, அங்கங்க போவாதீங்க. ஒரே ஒரு நாளு நமாஸ கொஞ்சம் தள்ளி வச்சிக்கிட்டா..."

"தள்ளி வைக்க மாட்டேன்."

சுஹேல் அகமது தொண்டையைக் கனைத்தார். "நான் அப்புறமா தொழுதுக்குவேன் ஆபா" என்றார் மெதுவாக.

"அது உங்களுக்கும் அல்லாஹ்வுக்கும் உள்ளது பாய், நான் இன்னா சொல்றது. எனக்கு நேரம் வந்தா நேரம்தான்." வஜீதாவின் குரல் உயரவில்லை, தாழவும் இல்லை. "நமாஸுக்கும் போவேன். ஷீல்டும் நான்தான். அந்தச் சந்துல ரெண்டு பக்கமும் சுவர், பின்னால நீங்க. எதிரி முன்னாலதான் வரணும். பத்ருவ நிக்க வச்சிட்டுப் போறேன். அவ விழுந்துட்டா ஷீல்ட சுஹேல் பாய் கையில குடுத்துட்டு, கூட்டத்த விட்டே நான் போய்ட்றேன். நீங்க சொல்ல வேணாம், நானே போய்ட்றேன்."

பூவரசன், "பேஜார் பண்றீங்கக்கா. சரி, உங்க இஷ்டம்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை இஷ்தியாக் அகமது வீட்டில் இருந்தார். டிரம்முக்குள் குனிந்து குனிந்து இடுப்புப் பிடித்துக்கொண்டு, சுவரோரம் சாய்ந்திருந்தார். வஜீதா போனைக் கட்டைமேல் வைத்து ஆடுவதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"பாங்கு சொன்னா எழுந்து போவே, அது தெரியும். ஜானமாஸ்ல நின்னுக்கிட்டு நெனப்பு பூரா இங்க இருந்தா அந்தத் தொழுகைக்கு இன்னா பிரயோஜனம்?"

அதுதான் அவள் மனசில் இருந்த முள். புருஷன் சரியாக அதன்மேல் கை வைத்துவிட்டார்.

"தெரியலங்க. இன்னிக்குப் பார்க்கணும்."

வாசல் திறந்தது. கூட்டம் உள்ளே நுழைந்தது. சந்துக்குள் பத்ரு முன்னால் நின்றாள். இந்த முறை காவல்காரர்கள் காத்திருந்தார்கள். கோடரியும் ஈட்டியுமாக வந்து விழுந்தார்கள். 'ணங்', 'ணங்'. பின்னாலிருந்து அம்பும் நெருப்பும் பறந்தன. சண்டை பாதியில் இருக்கும்போது பள்ளிவாசலிலிருந்து பாங்கு எழுந்தது.

"அக்கா, இப்பவா?" என்றான் பூவரசன், அழாத குறையாக.

"இப்பத்தான்." உட்காருகிற பொத்தான்மேல் பழக்கத்தில் போன விரலை இழுத்துக்கொண்டாள். "நில்லும்மா பத்ரு. திரும்பிப் பார்க்காத." சத்தத்தை அடைத்தாள். போனைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். எழுந்தாள்.

வுஜூ செய்யும்போது முழங்கையில் தண்ணீர் வழிய, இப்போது எத்தனை அடி விழுந்திருக்கும் என்று ஓடியது. ஜானமாஸ் விரிப்பில் நின்று கை கட்டியதும் இன்னும் வேகமாக ஓடியது. சீக்கிரம் முடி, ஓதுவதைச் சுருக்கு, கூடுதல் தொழுகையான சுன்னத்தைப் பிறகு பார்த்துக்கொள் என்று உள்ளே ஒருத்தி இழுத்தாள். பூவரசனை எதிர்த்தது சுலபம். இவளை எதிர்ப்பது சுலபமில்லை. வஜீதா அவளுக்கும் இடம் கொடுக்கவில்லை. சிறிய சூராவை எடுக்க வந்த நாக்கைத் தடுத்துப் பெரியதை எடுத்தாள். ஒவ்வொரு ஆயத்தையும் நிறுத்தி நிறுத்தி ஓதினாள். சஜ்தாவில் நெற்றி தரையில் பட்டபோது ஓட்டம் மெல்ல நின்றது. எங்கே நின்றது என்று அவளுக்கே தெரியாது. கட்டாயத் தொழுகையான ஃபர்ஜை முடித்தாள், சுன்னத்தையும் முடித்தாள். துஆவுக்குக் கை ஏந்தியபோது கோட்டையைக் கேட்க வாய் வரவில்லை. புருஷனின் இடுப்பு வலிக்காகக் கேட்டாள்.

பிறகு ஜானமாஸை மடித்து, அதன் இடத்தில் வைத்துவிட்டுத்தான் போன் பக்கம் வந்தாள்.

திருப்பினாள். சத்தத்தைத் திறந்தாள்.

'ணங்.'

பத்ரு நின்றுகொண்டிருந்தாள். முன்னாலிருந்து கோடரி மேல் கோடரியாக வந்துகொண்டிருந்தது. சின்னச் சின்ன எண்ணாக அடி இறங்க இறங்க, பூர்ணிமாவின் பச்சை வெளிச்சம் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு சிவப்பும் இல்லை.

"அக்கா வந்துட்டீங்களா? நிக்குதுக்கா உங்க டிரம்மு! எனக்குத்தான் விரல் செத்துப்போச்சு!" பூர்ணிமா சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை.

வஜீதா நடுவிரலால் கேடயத்தை உயர்த்தினாள். சந்தில் இருந்தவர்களை முடித்துவிட்டு முற்றம்வரை போனார்கள். கோட்டைத் தளபதி வந்தான். அவனுடைய உயிர் நகக்கண் அளவு மிச்சம் இருக்கும்போது நேரம் முடிந்து, வாசல் மூடிக்கொண்டது. எல்லாரும் கோட்டைக்கு வெளியே, ஆற்றங்கரையில் வந்து நின்றார்கள்.

"போச்சு" என்றான் பூவரசன். "அக்கா கையில அந்த வாளு இருந்திருந்தா அவன முடிச்சிருப்போம்."

"அந்த வாளு இருந்திருந்தா நாம அந்தச் சந்தக்கூட தாண்டியிருக்க மாட்டோம்" என்றார் சுஹேல் அகமது. "பாருடா, ஒருத்தரு கூட சாவல. என்னிக்காவது இப்படி எல்லாரும் உசுரோட வெளிய வந்திருக்கோமா? ஷீல்டு எனக்கு வேணாம். ஆபா கிட்டயே இருக்கட்டும். நான் அடிக்கிறத ஏத்திக்கிறேன்."

பூவரசன் விட்டுக்கொடுத்த மாதிரி, "இன்னிக்கு உங்களுக்கு நல்ல ராசிக்கா" என்றான்.

"ராசி இல்ல தம்பி" என்றாள் வஜீதா. "நிக்க வச்சிட்டுப் போனேன், அவ்ளோதான். அடுத்த ஞாயித்துக்கிழமையும் மஃரிப் வரும். அப்பவும் போவேன். இப்பவே சொல்லிட்டேன்."

ஒவ்வொரு குரலாக அடங்கியது. சுவரோரம் இருந்த இஷ்தியாக் இடுப்பைப் பிடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தார். "இன்னா ஆச்சு?"

"கோட்டை கிடைக்கல. ஷீல்டு கிடைச்சிடுச்சு."

"அத கேக்கல. நமாஸ கேட்டேன்."

வஜீதா யோசித்தாள். "பாதியில வந்து சேர்ந்துட்டேங்க" என்றாள். அவர் தலையாட்டிவிட்டு மறுபடி சாய்ந்துகொண்டார்.

ஆற்றங்கரையில் யாரும் இல்லை. ஓநாய் இல்லை, காவல்காரன் இல்லை. பத்ரு மட்டும் கேடயத்தை முன்னால் பிடித்துக்கொண்டு, தையல் சரியில்லாத அந்த பூட்ஸோடு அப்படியே நின்றாள். வஜீதா நாலு பக்கமும் ஒருமுறை பார்த்துவிட்டு, பொத்தானைத் தொட்டாள்.

"இப்ப உக்காரும்மா" என்றாள்.